வன்னியில் கண்ட பிள்ளைகள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் எழுதுங்கள்

செட்டிகுளம் ரீச்சர்:
போர் முடிவில் இடம்பெயர்ந்த எங்கள் சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாம் எப்படி இருந்தது என்று இங்கே விளக்கத் தேவையில்லை. 2009 ஓகஸ்ட்டில் உள்ளேயே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை நடந்தது. அதற்குத் தறப்பாளின் கீழ் வைத்துப் படிப்பித்தோம். ஒரு பெடியனுக்கு இடுப்புக்குக் கீழே செல் (எறிகணை) துண்டு. கீழே இருந்தால் குத்தும். அதனால் முழங்காலில் நின்று, முன்னால் இருக்கிறவனின் முதுகில் கொப்பியை வைத்து எழுதுவான். மற்றவன் அசையவே மாட்டான். தன்னுடைய கணக்கை விட்டுவிட்டு, "நீ முதல்ல முடியடா" என்பான். ஒருநாள் அவன்தான் என்னிடம் கேட்டான்: "ரீச்சர், சோதனைக்கு எங்களைத் தள்ளித் தள்ளி இருத்துவினம்தானே, இவன் ஆற்ற முதுகில எழுதுவான்?"
நான் பதில் சொல்லவில்லை. சோதனை அறைக்குள் எங்களை விடவும் இல்லை.

அக்கராயன்:
எல்லோரும் 2009 ஐயே எழுதுகிறீர்கள். 1996இல் கிளிநொச்சி விட்டு வந்த சனம் ஸ்கந்தபுரம், மல்லாவி எங்கும் மரத்தடியில் கிடந்தது. பொருளாதாரத் தடை வேறு. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம். (இப்போது சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.) சந்தியில் ஒரு சின்னப் பிள்ளை கச்சான் விற்கும். பழைய கொப்பித் தாளில்தான் சுருள். தாளைச் சுற்ற முதல் வாசித்துவிடும். எனக்கு அவசரம், பிள்ளை தரவில்லை. "கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை, இதில மலேரியாப் பாடம் இருக்கு, பாடமாக்கிப்போட்டுத் தாறன்." அந்த வருசங்களில் வன்னியில் மலேரியாக் காய்ச்சல் வராத வீடு ஏது? பிள்ளையின் கண்ணிலும் காய்ச்சல் தெரிந்தது.

மாத்தளன் மணல்:
அக்கராயன் அண்ணை, எந்த ஆண்டு கூடக் கஷ்டம் என்று போட்டியா வைக்கிறோம்? அதைவிட எனக்குப் பிடிக்காதது இன்னொன்று. வெளியில் இருந்து வருகிறவர்கள் எங்கள் பிள்ளைகளின் மன உறுதி, மன உறுதி என்று புகழ்வது. 2009இல் கடைசிச் சண்டைக்குள் நாங்கள் இருந்த மாத்தளனில் கடற்கரை மணல், பங்கர் (பதுங்குகுழி) வெட்ட வெட்டச் சரியும். சேலையில் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினால்தான் நிற்கும். பக்கத்துக் கொட்டிலில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாயின் கூறைச்சேலையை வெட்டித் தைத்தாள். தாய் அதற்கு முந்தின கிழமைதான் செத்துப் போனா. சரிகைக் கரையை மட்டும் வெட்டாமல் மடித்து வைத்தாள். நான் பார்த்ததும், "இது மண் தாங்காது அண்ணா" என்றாள். அதை உறுதி என்று பெயர் சொல்லிப் புகழ எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குக் கீழே இரண்டு தம்பிமார். தைக்காமல் என்ன செய்வாள்?

பரந்தன் தாதி:
ரீச்சர் எழுதிய பெடியனை வாசித்ததும் இதைச் சொல்லவேண்டும் போல் இருந்தது. என்னிடமும் அப்படி ஒரு பிள்ளை வந்தவள், தொடையில் துண்டு, "பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு மருந்து கட்டுங்கோ" என்பாள். சரி, விசயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், பலருக்குத் துண்டு உள்ளேயே இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்க எழுதினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று முதலே கட்டாயம் சொல்லுங்கள், அந்த ஸ்கான் மெசினின் காந்தம் அதை அசைக்கக்கூடும். கண்ணுக்குப் பக்கத்தில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் எறியாதீர்கள். இல்லையென்றால் புதிதாக ஒன்று எடுத்து வைத்திருங்கள். எல்லாத் துண்டையும் வெட்டி எடுக்கவும் தேவையில்லை, சிலதை எடுக்கப்போனால்தான் நரம்பு பழுதாகும். ஆனால் பழைய காயம் திடீரென்று வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, கால் விறைத்தாலோ வீட்டில் பத்துப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள்.

அக்கராயன்:
தங்கச்சி, இது அனுபவம் எழுதுகிற இடம், கிளினிக் இல்லை. ஆனாலும் எம்ஆர்ஐ விசயம் எழுதினது நல்லது. என் மச்சானுக்குத் தோளில் இருக்கிறது, அடுத்த மாதம் ஸ்கான் என்று சொன்னவன். இப்பவே எடுத்துச் சொல்கிறேன்.