எம்ஆர்இ11 ஸ்டெயின் பார்த்து ரேடியேஷன் கொடுக்கலாமா? 25 சதவீதப் பஞ்சாயத்து

ஸ்லைடுராசா:
"சிறுநீர்ப்பை கேன்சரா? எம்ஆர்இ11 ஸ்டெயின் போடு. அடர்த்தியா இருந்தா ரேடியேஷன், வெளுத்திருந்தா பையை எடு." நேத்து ஒரு மேதாவி போட்ட பதிவு இது. எம்ஆர்இ11 ஒரு புரதம்; ஸ்டெயின் போட்டா கட்டித் துண்டுல அது எவ்வளவு இருக்குன்னு நிறத்துல தெரியும். அதுக்கு 40 லைக் வேற. இதுக்கு ஆதாரமான 2010 லீட்ஸ் (இங்கிலாந்து) பேப்பர்ல, இருக்கிற கேஸ்களை வரிசைப்படுத்தி அடியில இருந்த 25 சதவீதத்தை "லோ"ன்னு வெட்டினாங்க. என் டேபிளுக்கு ஒரே ஒரு ஆளோட பிளாக் (மெழுகுல பதிச்ச திசுத் துண்டு) வருது. எதுல 25 சதவீதம் பார்க்க?

பீம்லைன்:
அந்த மேதாவி நான்தான். ரேடியேஷன் வாங்கினவங்கள்ல 3 வருஷ கேன்சர் சார்ந்த சர்வைவல் எம்ஆர்இ11 ஹையில 68.7 சதவீதம், லோவுல 43.1 சதவீதம். சிஸ்டெக்டமி (பையை எடுக்கிற ஆபரேஷன்) பண்ணவங்கள்ல அந்த வித்தியாசம் இல்லை. டிஎன்ஏவோட இரண்டு இழையும் அறுந்தா முதல்ல போய் நிக்கிற புரதம் அது. 2012 டென்மார்க் ஆய்வும் ஒத்துப்போச்சு.

ஸ்லைடுராசா:
2019-ஐ மட்டும் வசதியா மறந்தாச்சு. பிகான், பிசி2001ன்னு ரெண்டு சிறுநீர்ப்பை ரேடியேஷன் டிரயலோட பிளாக்கையும் எடுத்து, ஆட்டோ ஸ்டெயினர்ல போட்டு, ஸ்கோர் கார்டும் கையில கொடுத்து, பிரிட்டன்ல 3 சென்டர் படிச்சது. படிச்சவங்களுக்குள்ள ஒத்துப்போகிற அளவு, அதான் கப்பா, 0.32 (முழுசா ஒத்துப்போனா 1). சர்வைவலோட எந்தத் தொடர்பும் வரல. 2010 பேப்பர் போட்ட சொந்த வீட்டு ஆளுங்களே பண்ணது சார்.

பீம்லைன்:
அது ஸ்கோரிங் கோளாறு. மார்க்கர் என்ன பண்ணும்?

ஸ்லைடுராசா:
ஸ்கோரிங் இல்லாம மார்க்கர் ஏது? டியூஆர்பிடில (சிறுநீர்க்குழாய் வழியா கட்டியைச் சுரண்டி எடுக்கிறது) வர்ற சில்லைப் பாருங்க. டயதெர்மி (மின்சூட்டுக் கருவி) சுட்ட ஓரத்துல நியூக்ளியஸ் இழுபட்டுக் கறுத்து நிக்கும், ஸ்டெயின் பொய்யா ஏறும். அந்த ஓரத்தை எண்ணவே கூடாது. ஃபார்மலின்ல சரியா ஊறாத துண்டுல நடுப்பகுதி வெளுக்கும். புரதம் ஸ்டெயினுக்குத் தெரிய, சிட்ரேட் பிஎச் 6-ல வேகவெச்சதை ஈடிடிஏ பிஎச் 9-க்கு மாத்தினா தீவிரமே மாறும். 4 மைக்ரான் செக்‌ஷனை வெட்டி மாசக்கணக்கா டப்பால போட்டுட்டு ஸ்டெயின் பண்ணா ஆன்டிஜன் (ஸ்டெயின் ஒட்டுற புரதப் பகுதி) மங்கும். பக்கத்துல இருக்கிற, கட்டாயம் நிறம் ஏற வேண்டிய லிம்ஃபோசைட்டே (வெள்ளையணு) ஏறலன்னா அந்த ஸ்லைடைக் குப்பையில போடணும். இவ்வளவுக்கும் அப்புறம் 25 சதவீதம். எதுல?

ஆக்சிஜன்அண்ணன்:
ரெண்டு பேரும் ஆக்சிஜனை விட்டுட்டீங்க. பிகான்ல 98 சதவீத ஆக்சிஜனும் 2 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்த கார்போஜன், கூடவே நிகோடினமைடு. கட்டியில நெக்ரோசிஸ் (செத்த திசு) இருந்தவங்களுக்குத்தான் அதுல பலன். எச்&இங்கிற சாதாரண ஸ்டெயின் போட்ட ஸ்லைடுலயே தெரியும், ஆன்டிபாடி செலவே இல்லை.

ஸ்லைடுராசா:
டியூஆர்பிடி சில்லுல நெக்ரோசிஸ் தெரியலன்னா கட்டியில இல்லைன்னு அர்த்தமா? சில்லு எங்க கிடைச்சதோ அங்க உள்ளதுதான் தெரியும். எதுவரைக்கும் இருந்தா 'இருக்கு'ன்னு எடுக்கறது? உங்களுக்கும் கட்ஆஃப் கேள்வி உண்டு.

பீம்லைன்:
2017-ல ஆர்டிஓஜிங்கிற அமெரிக்க ரேடியேஷன் டிரயல் குழுவோட கேஸ்களை ஃப்ளோரசன்ஸ் வெச்சு மெஷினே அளந்தது. எம்ஆர்இ11-ஓட நியூக்ளியஸ்-சைட்டோபிளாசம் விகிதம் கம்மியா இருந்தவங்க மோசமாப் போனாங்க. இப்ப மனுஷக் கண் இல்லையே, என்ன சொல்றீங்க?

ஸ்லைடுராசா:
கம்மின்னா எவ்வளவு? அதுவும் கீழ் கால்பங்குதான்! போன மாசம் கேஐ67 (செல் பெருகுற வேகம் காட்டுற மார்க்கர்) விவாதத்துலயும் இதே மாதிரி மழுப்பினீங்க.

பீம்லைன்:
கேஐ67-ஐ இங்க ஏன் இழுக்கறீங்க? அங்க நீங்க ஹாட்ஸ்பாட் (நிறம் அதிகமா ஏறின இடம்) மட்டும் எண்ணினது ஊருக்கே தெரியும்.

யூரோதம்பி:
ப்ரெடிக்டிவா (எந்தச் சிகிச்சை பலிக்கும்னு சொல்றது), ப்ராக்னாஸ்டிக்கான்னு (எந்தச் சிகிச்சையா இருந்தாலும் நோய் எப்படிப் போகும்னு சொல்றது) முதல்ல முடிவு பண்ணிட்டு அடிச்சுக்கலாமே?

ஸ்லைடுராசா:
தம்பி, பாடம் அப்புறம் எடுங்க. 25 சதவீதத்துக்குப் பதில் வரட்டும்.

பீம்லைன்:
64 கிரே (ரேடியேஷன் அளவு) 32 தவணையையே இன்னும் பிடிச்சுட்டிருக்கிற சென்டர்ல உக்காந்து மார்க்கர் பத்திப் பேசறார். 55 கிரே 20 தவணை சளைச்சதில்லைன்னு 2021-லயே லான்செட் ஆன்காலஜில வந்தாச்சு.

ஸ்லைடுராசா:
தவணையை நானா எழுதறேன்? நான் பேத்தாலஜி ஓய்.