மறு: மறு: ஒன்பதாம் வகுப்பு – ஒரு லட்சத்தை யாரும் இப்போது அனுப்ப வேண்டாம்

பொருளாளர், மஸ்கட்:

எல்லோருக்கும் வணக்கம். நம் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வர ஒரு லட்சம் கட்ட வேண்டுமாம் என்று சிங்கப்பூர் சித்தப்பா ஊருக்குப் போய்வந்து எழுதிய மடலைப் பார்த்ததும் பாதிப் பேர் பணம் அனுப்பக் கிளம்பிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நடுநிலைப் பள்ளியை உயர்நிலையாகத் தரம் உயர்த்த ஊர்ப் பங்களிப்பு ஒரு லட்சம், உயர்நிலையை மேல்நிலையாக்க இரண்டு லட்சம் என்பது பழைய நடைமுறை. கட்டிவிட்டால் பள்ளி வந்துவிடும் என்று ஊரில் நம்புகிறார்கள். கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த ஊர்கள் உண்டு. தரம் உயர்த்தக் கேட்டு அரசுக்கு அனுப்பும் கருத்துருவில் அந்த ரசீது ஒரு தாள், அவ்வளவுதான். கட்டச் சொல்லி முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரட்டும். அரசுக் கணக்குத் தலைப்பு போட்ட செலுத்துச் சீட்டில் கட்டி, ரசீதை இங்கேயே போடுகிறேன். வாயால் கேட்டால் கிடையாது, கேட்பவர் யாராக இருந்தாலும்.

போன முறை கருத்துரு திரும்பியது தூரத்தால். அடுத்த உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் கோப்பு நகராது. தலைமையாசிரியர் 7 என்று எழுதினார். ஆய்வுக்கு வந்தவர் கண்மாய்க்கரை மேல் வண்டியில் போய் 4.6 என்று குறித்துக்கொண்டார். இரண்டும் பொய்யில்லை. எந்த வழி என்று நம் ஆட்கள் எழுதவில்லை, அதுதான் கோளாறு. ஐப்பசி பிறந்து கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தால் கரைவழியில் ஆடு கூடப் போகாது. ஆகவே “எல்லாப் பருவத்திலும் போக்குவரத்து உள்ள சாலை வழியே இத்தனை கிலோமீட்டர்” என்று, புறப்படும் இடம், சேரும் இடம், சாலையின் பெயர் போட்டு நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளரிடம் சான்று வாங்க வேண்டும். ஒன்றியச் சாலையாக இருக்கும் துண்டுக்கு ஒன்றியப் பொறியாளரின் சான்று தனி. மறுகால் போகும்போது எடுத்த படம் தேதியோடு இரண்டு போதும். பிள்ளைகள் நாற்கரச் சாலையைக் கடக்க வேண்டும், சுரங்கப்பாதை இல்லை என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பு உண்டு.

பிள்ளைகள் எண்ணிக்கையில் கதை விடக் கூடாது. எட்டாம் வகுப்பில் இத்தனை பேர் என்று தாளில் ஒன்றும் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஒன்றும் இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலர் மேசையிலேயே முடிந்தது. சுற்று வட்டார நடுநிலைப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பட்டியலையும், எட்டு முடித்து ஒன்பதில் சேராமல் நின்ற பிள்ளைகள் பட்டியலையும் இணைத்தால் அதுவே பேசும்.

இனி நிலம். சண்டைக்கு வருவீர்கள், தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சித்தப்பா பார்த்துப் பதறியது கண்மாய்க்குள் நீர் நிற்கும் உள்வாயில் சுண்ணாம்பு அடித்து நட்டிருக்கும் கற்களை. “பள்ளிக்கான இடம்” என்று பலகை வேறு. அந்த சர்வே எண் கிராம நிலக் கணக்கான “அ” பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்கு. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு வட்டாட்சியர் கையெழுத்துப் போடமாட்டார். போட்டாலும் நாளைக்கு ஒருவர் வழக்குப் போட்டால் கட்டடத்தை இடிப்பார்கள். கல்லை முதலில் பிடுங்கச் சொல்லுங்கள். ஊருக்கு வடக்கே தீர்வை ஏற்பட்ட தரிசு, அதாவது தீர்வை குறித்தும் யாருக்கும் ஒதுக்காத அரசு நிலம், இருக்கிறது. அதற்கு நில மாற்றம் கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, சர்வேயர் அளந்த புல வரைபடம், ஊராட்சித் தீர்மானம், பிறகு வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று போகும். இறுதி உத்தரவுக்கு நாளாகும், அதுவரைக்கும் இடத்தைப் பயன்படுத்தத் தொடங்க நில நுழைவு அனுமதி கேட்டு வாங்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் இப்போது பள்ளி நிற்கும் இடம். 1950-களின் கடைசியில் அன்றைய பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு இயக்கம் நடத்தியபோது ஊர் ஊராக நிலம், பெஞ்சு, மணி, கடிகாரம் என்று கொடுத்தார்கள். நம் ஊரில் பெரிய வீட்டில் இடம் கொடுத்தார்கள், வாயால். பட்டா இன்றைக்கும் அந்த வீட்டுத் தாத்தா பெயரில்தான் நிற்கிறது. அசையாச் சொத்தைத் தானம் செய்தால் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சி போட்டு, பதிய வேண்டும். வாங்குபவர் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இல்லாவிட்டால் சட்டப்படி அது தாத்தா நிலம்தான். வாரிசுகள் ஏழு பேர், மூன்று பேர் வெளிநாட்டில். வர முடியாதவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். உறை வந்த தேதியைக் குறித்து வைக்காமல் பீரோவில் போட்டுவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

பத்திரத்தில் “பள்ளி மூடப்பட்டால் நிலம் குடும்பத்துக்குத் திரும்பும்” என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அதற்குச் சட்டக் கருத்துக் கேட்டே ஒரு கல்வியாண்டு ஓடிவிடும்.

உத்தரவு வந்த பிறகு ஊரில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கும். 1 முதல் 5 வரை தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரியும். 6 முதல் 8 புதிய உயர்நிலைப் பள்ளியோடு சேரும். முதல் வருஷம் 9 மட்டும், அடுத்த வருஷம்தான் 10. ஒரே வளாகத்தில் இரண்டு தலைமையாசிரியர்கள், ஒரு சமையலறை. எந்த அறை யாருக்கு, கழிப்பறைச் சாவி யாரிடம் என்பதை இப்போதே வரைபடத்தில் குறித்துப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

பணம் பற்றிக் கடைசியாக ஒன்று. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியே சங்கத்துக்கு அனுப்பலாம். குடியுரிமை மாறியவர்கள் ஓசிஐ என்னும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. நம் சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவு இல்லை. வீட்டுக் கணக்கு வழியாகச் சுற்றிவிடும் யோசனையும் வேண்டாம். அப்படி வந்த ஒரு தொகையைத் திருப்பி அனுப்பிவிட்டேன், அனுப்பியவருக்குக் கோபம், பரவாயில்லை.

நியூஜெர்சியிலிருந்து:

மாமா, திருப்பி அனுப்பியது என் பணம் என்று எல்லோருக்கும் தெரியட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் நிலம் கொடுத்த வீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். மதுரைப் பக்கம் கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் கொடுத்தார், 2024 குடியரசு நாளில் முதலமைச்சர் கையால் சிறப்பு விருது வாங்கினார். மகள் ஜனனி பெயரைப் பள்ளிக்கு வைக்கக் கேட்டார். எங்கள் தாத்தா கொடுத்ததற்கு ஊரில் ஒரு கல்வெட்டு உண்டா? நுழைவு வளைவில் அவர் பெயர் வரும் என்று தீர்மானத்தில் எழுதுங்கள், அப்புறம் கையெழுத்துப் பற்றிப் பேசலாம். அந்தப் புளியமரத்தடியில் படித்தவர்கள்தான் இந்தக் குழுவில் பாதிப் பேர்.

கோலாலம்பூரிலிருந்து:

தம்பி, புளியமரம் இருக்கட்டும். பொருளாளர் ஏழு வாரிசு என்கிறார். பதினொன்று. பெண் பிள்ளைகள் நான்கு பேரை வாரிசுச் சான்றில் யார் விட்டது என்று இங்கே கேட்கவில்லை, கல்யாண வீட்டில் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சான்றை வைத்துப் பத்திரம் பதிந்தால் எங்கள் நான்கு பங்கு தானமாகாது. நாளைக்கு எங்கள் பிள்ளைகளில் ஒருவர் கேட்டால் பள்ளி நீதிமன்றத்தில் நிற்கும். வட்டாட்சியரிடம் திருத்திய வாரிசுச் சான்று வாங்குங்கள். கையெழுத்துப் போட நாங்கள் நான்கு பேரும் தயார், வளைவும் வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம்.

பொருளாளர், மஸ்கட்:

அக்கா, ஏழு என்று நான் எழுதியது சான்றைப் பார்த்து. திருத்த மனு இந்த வாரமே போகும்.

மாப்பிள்ளை, கொடிக்குளத்து அம்மா பத்திரத்தைப் பதிந்து முதன்மைக் கல்வி அலுவலர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெயர் கேட்டார். நீயும் அதே வரிசையில் கேள், முதல் ஆளாக நான் வழிமொழிகிறேன். வளைவுக்கு அரசு உத்தரவில் இடம் இல்லை, அது உன் செலவு.

ஆகஸ்டு 15 கிராம சபைக்கு ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் போக வேண்டும். தீர்மானத்தில் “பள்ளியைத் தரம் உயர்த்தக் கேட்டுக்கொள்கிறது” என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, சாலை வழித் தூரம் நான்கும் வேண்டும். தீர்மான நகலில் ஊராட்சி முத்திரை எழுத்தின் மேல் விழுந்து எண் தெரியாமல் போனால் வேறு நகல் கேட்டு வாங்குங்கள். போன முறை சர்வே எண்ணின் கடைசி இலக்கம் முத்திரைக்கு அடியில்தான் இருந்தது.