புதுப்பிப்பு: அம்மாவின் மின்னணு உருப்பெருக்கி, மூன்று மாதம் கழித்து

மாக்குலா சிதைவால் (விழித்திரையின் நடுப்பகுதி பழுதடையும் நோய்) அம்மாவுக்கு நடுப்பார்வை மங்கிவிட்டது, கைலென்ஸ் போதவில்லை, எழுத்தைக் கேமராவில் பிடித்துத் திரையில் பெரிதாகக் காட்டும் மின்னணு உருப்பெருக்கி வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 5 அங்குலத் திரை உள்ள கையடக்கக் கருவி வாங்கினோம்.

பெரிதாக்குவதைவிட அதிகம் உதவியது நிறம் மாற்றும் பொத்தான்தான். வெள்ளைத் தாளின் கூச்சம் அம்மாவுக்குத் தாங்காது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்ததும், மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியைத் தானே படித்தார். அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

முதல் வாரம் சிரமம். பத்து மடங்கு வைத்தால் திரையில் மூன்று நான்கு எழுத்துதான் நிற்கும், வரி தவறிவிடும். கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் சொல்லிக்கொடுத்தார்கள்: படிக்க முடிகிற மிகக் குறைந்த அளவில் வையுங்கள், வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து அதை ஒட்டி நகர்த்துங்கள். இப்போது நான்கு மடங்கிலேயே நாளிதழ் படிக்கிறார்.

வாங்கப்போகிறவர்களுக்கு: ஐஃபோனில் 2016 முதலே உருப்பெருக்கி வசதி இருக்கிறது, நிறமும் மாற்றலாம். முதலில் அதில் பழகிப் பாருங்கள். அம்மாவுக்குக் கை நடுங்கும் என்பதால், தாள்மேல் வைத்து நகர்த்தும் கருவிதான் தோதானது.

எழுதுவதற்குத்தான் வழியில்லை, அதன் அடியில் பேனா நுழையாது. ஸ்டாண்டு உள்ள கருவி யாராவது பயன்படுத்தினால் சொல்லுங்கள். பால் கணக்கைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்கிறார் அம்மா.