எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 54 மாணவர்களைக் கூட்டிப்போக வழி சொல்லுங்கள்

பல்லாவரம் டீச்சர்

வணக்கம். பல்லாவரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 54 பேர். 31 பேர் பெண் பிள்ளைகள். சமூக அறிவியல் முதல் பாடம் முடிந்த கையோடு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் களப்பயணம் போகலாம் என்று எண்ணம். கூட வர நான்கு ஆசிரியர்கள் (இருவர் பெண்கள்). மாலை 4 மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும்.

எந்தெந்தக் கூடங்களைக் காட்டுவது? ரயிலா, பேருந்தா? கடிதம் எப்போது, யாருக்கு? பணித்தாள் எப்படி இருக்க வேண்டும்? காலிபர் (காலுக்குத் தாங்கலாகக் கட்டும் கருவி) போட்டு நடக்கும் மாணவி ஒருவர் இருக்கிறார், படி ஏறுவது அவருக்குச் சிரமம். அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

கைக்கோடரி

டீச்சர், முதலில் கிழமையைப் பாருங்கள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு குடும்பங்களின் கூட்டம். செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு கட்டடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட கூடங்கள் உள்ளன. எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்று கிளம்பினால் மூன்றாவது கூடத்திலேயே பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும், நான்காவதில் பார்ப்பதை நிறுத்தி நடக்க மட்டும் செய்வார்கள். நான்கு இடம் போதும்.

உங்கள் ஊருக்கு ஒரு தனி யோகம் உண்டு. 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான். அவர் நிலவியல் துறைக்காரர். அவர் திரட்டிய கருவிகளின் தொகுப்பு பிற்பாடு இந்த அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தது. பாடநூலில் படித்த கருவி தாங்கள் தினமும் நடக்கும் மண்ணில் கிடைத்தது என்று அந்தப் பெட்டி முன்னால் நின்று தெரிந்துகொள்வது வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது. அதனால் தொல்பழங்காலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக் கரையில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை: தாழிகள், இரும்புக் கருவிகள், விலங்கு உருவம் வைத்த வெண்கலப் பாத்திரங்கள். இதுவும் உங்கள் முதல் பாடத்திலேயே வருகிறது.

மூன்றாவது, ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்கள். நான்காவது வெண்கலக் கூடம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைக் காட்டாமல் திரும்பினால் மனசு கேட்காது.

ஓர் எச்சரிக்கை: மராமத்துக்காகச் சில கூடங்கள் மூடியிருப்பது உண்டு. பத்து நாளுக்கு முன் ஓர் ஆசிரியர் நேரில் போய் நான்கும் திறந்திருக்கின்றனவா, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, கழிப்பறையும் குடிநீரும் எங்கே என்று பார்த்துக் குறித்துவர வேண்டும். இந்த ஒரு நாளை மிச்சப்படுத்தப் பார்த்தால் பயண நாளில் பாதி நேரம் விசாரிப்பதிலேயே போய்விடும்.

கடற்கரை லோக்கல்

பயண ஏற்பாட்டை மட்டும் சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்: கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், அருங்காட்சியகத் தலைமைக்கு ஒரு கடிதம். கடிதத்தில் தலைமையாசிரியர் கையொப்பம், பள்ளி முத்திரை, வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, தேதி, வந்துசேரும் நேரம் எல்லாம் இருக்கட்டும். மாணவர் கட்டணச் சலுகையையும், விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். முத்திரையிட்ட நகல் ஒன்று பயண நாளில் கையில் இருக்க வேண்டும். நுழைவுச்சீட்டு கொடுப்பவர் வேறு ஆளாக இருப்பார். கேமராவுக்குத் தனிக் கட்டணம் என்பதால் ஒரே ஓர் ஆசிரியர் படம் எடுத்தால் போதும்.

பல்லாவரத்திலிருந்து எழும்பூருக்கு நேர் ரயில் இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் காலை 8 முதல் 9.30 வரை கடற்கரைப் பக்கம் போகும் வண்டியில் 54 பிள்ளைகளை ஏற்றவே முடியாது. அதற்குப் பிந்திய வண்டியில் கிளம்புங்கள். வண்டி நிற்பது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். ஒரே வாசலில் எல்லோரும் ஏறினால் பத்துப் பேர் நடைமேடையிலேயே நின்றுவிடுவார்கள். நான்கு குழு, நான்கு வாசல், குழுவுக்கு ஓர் ஆசிரியர். ஆசிரியர் கடைசியாக ஏற வேண்டும், கடைசியாக இறங்க வேண்டும். சேத்துப்பட்டு தாண்டியதும் பைகளோடு எழுந்து வாசல் பக்கம் வரச் சொல்லுங்கள். எழும்பூரில் இறங்கத் தவறிவிடும் பிள்ளை அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், தேடி அலையக் கூடாது. இதை முந்தின நாளே வகுப்பில் சொல்லிவையுங்கள்.

எழும்பூரில் காந்தி இர்வின் சாலைப் பக்கம் வெளியே வர வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வந்துவிட்டால் பெரிய சுற்று. அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இத்தனை பேர் வரிசையாக நடந்து, சாலை கடந்து போக 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் கட்டுமான வேலை நடப்பதால் வழியை முன்கூட்டியே ஒருமுறை நடந்து பாருங்கள்.

காலிபர் போட்ட மாணவிக்கு ரயில் வேண்டாம். புறநகர் நடைமேடையிலிருந்து வெளியே வர மேம்பாலம் ஏற வேண்டியிருக்கும். ஓர் ஆசிரியையோடும் இரண்டு தோழிகளோடும் அவரை ஆட்டோவில் அனுப்புங்கள். தோழிகள் கூட இருந்தால் தனியே அனுப்பியதுபோல் இருக்காது. அப்போது ரயிலில் ஓர் ஆசிரியர் குறைவார்; ஐந்தாவது ஆளாக ஒரு தாயையோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரையோ இப்போதே கேட்டு வையுங்கள்.

பணித்தாள்

பெரும்பாலான பணித்தாள்கள் கெடுவது ஒரே காரணத்தால்: விடை பெயர்ப்பலகையில் இருக்கிறது. பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதிவிட்டு, பொருளைப் பார்க்காமலே நகர்ந்துவிடுவார்கள். பொருளைப் பார்த்தால் மட்டுமே விடை கிடைக்க வேண்டும். ஓர் இடத்துக்கு ஒரு கேள்வி, ஒரு படம். அவ்வளவுதான்.

கற்கருவி: செதுக்கிய தழும்பு ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? கையில் பிடிக்கும் பக்கம் எது? வரைந்து அம்புக்குறி போடு.

ஆதிச்சநல்லூர்: இரும்பில் செய்தவை என்னென்ன, வெண்கலத்தில் செய்தவை என்னென்ன? இரண்டு பட்டியல் எழுதினாலே வெட்டும் கருவி எதில், அலங்காரப் பாத்திரம் எதில் என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

அமராவதி: புத்தர் மனித உருவில் இல்லாத சிற்பம் ஒன்றைக் கண்டுபிடி. வெற்று ஆசனமா, பாதச் சுவடா, சக்கரமா?

வெண்கலம்: பீடத்தில் துளையோ வளையமோ தெரிகிறதா? எதற்காக? (திருவிழாவில் தண்டு கோத்துக் கட்டித் தூக்கிப்போக. உற்சவர் புறப்பாட்டைப் பார்த்த பிள்ளை சட்டென்று சொல்லிவிடும்.)

முந்தின வாரம் வகுப்பில் ஓர் உருளைக்கிழங்கை இருபுறமும் மாறி மாறிச் சீவிக் காட்டுங்கள். விளிம்பு கூராவதையும், சீவல்கள் தனியே விழுவதையும் கண்ணால் பார்த்தவர்களுக்குக் கைக்கோடரியின் (கையில் பிடித்து வெட்டும் கற்கருவி) தழும்பு புரியும். பார்க்காதவர்களுக்கு அது வெறும் கல்தான்.

பென்சில் மட்டும் கொடுங்கள், பேனா வேண்டாம். தாளை வைத்து எழுத ஆளுக்கொரு அட்டை. அட்டை இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டியின் மேலோ சிற்பப் பீடத்திலோ வைத்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். கல் சிற்பத்தைத் தொடக் கூடாது என்பதற்குக் காரணத்தையும் சொல்லுங்கள்: கையின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கல்லில் ஊறிக் கறையாகும்.

பல்லாவரம் டீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. நான்கு குழுவையும் ஒரே நேரத்தில் எப்படிச் சுழற்றுவது? சாப்பாடு எங்கே?

கைக்கோடரி

10.30-க்கு நான்கு குழுவும் நான்கு இடத்தில் நிற்கட்டும். ஓர் இடத்துக்கு 25 நிமிடம், நடக்க 5 நிமிடம். 12.30-க்கு எல்லோரும் நான்கையும் பார்த்திருப்பார்கள். கற்கருவிகள் சிறியவை, ஒரு பெட்டியை நெருங்கி நின்று ஆறேழு பேர்தான் பார்க்க முடியும். அங்கே குழுவை இரண்டாக்கி, பாதி பேர் பார்க்கும்போது பாதி பேர் வரையட்டும். காலிபர் மாணவியின் குழுவுக்கு வெண்கலக் கூடத்தில் தரைத்தளப் படிமங்களையே கேள்வியாக வையுங்கள். அந்தக் குழு முழுவதும் அதையே செய்யட்டும், அவருக்கு மட்டும் தனிக் கேள்வி வேண்டாம்.

சாப்பாட்டைக் கூடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது. வளாகத்தில் எங்கே உட்காரலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள். புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டச் சொல்லுங்கள். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். சத்துணவு அமைப்பாளரிடம் அன்றைய எண்ணிக்கையை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். முதலுதவிப் பெட்டியில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சானிட்டரி நாப்கின், வாந்திக்குப் பிளாஸ்டிக் பை இருக்கட்டும்.

சாப்பிட்ட பிறகு விலங்கியல் பிரிவின் திமிங்கல எலும்புக்கூட்டை 1.15 முதல் 2 வரை பணித்தாள் இல்லாமல் சும்மா பார்க்கட்டும். 2.15-க்குத் தலை எண்ணிவிட்டுக் கிளம்பினால் 3 மணி வாக்கில் ரயில். எண்ணும்போது மொத்தமாக 54 என்று எண்ணாதீர்கள். குழுத் தலைவர் தன் 13 அல்லது 14 பேரைப் பெயர் சொல்லி எண்ணி ஆசிரியரிடம் சொல்லட்டும்.