எறிகிற கை: வளர்ந்துவரும் பேஸ்பால் பிட்சர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோபியிலிருந்து, ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்:

கோடைக் கிரிக்கெட் முகாமிலிருந்து திருப்பி அனுப்பிய எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். நல்ல வேகம்தான், ஆனால் பந்தை விடும்போது கை மடங்கி நிமிரும். கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாதே. "இவன் எறியறானுங்க சார், பௌலிங்குக்கு ஆக மாட்டான்" என்று அங்கே முடித்துவிட்டார்கள். புளியங்காய்க்குக் கல்விட்டே பழகிய கை, வேறெப்படி இருக்கும்? எறிவதே வேலையாக இருக்கிற பேஸ்பாலுக்குக் கூட்டிவந்தேன், பேட்டருக்குப் பந்தெறிகிற பிட்சராக.

மைதானத்து ஓரத்தில் செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்து இடித்து, பிட்சர் நின்று எறிய மேடு கட்டினோம். பெரியவர்கள் ஆட்டத்தில் மேட்டிலிருந்து, பேட்டர் நிற்கிற இடத்திலுள்ள ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். புதுப் பையனை எடுத்ததும் அங்கே நிறுத்த எனக்கு மனசில்லை. லிட்டில் லீக் என்கிற சிறுவர் ஆட்டத்தில் வைக்கிற 46 அடியில் தொடங்கினேன்.

ஆரம்பத்தில் பந்து பேட்டர் தலைக்கு மேலே பறந்து வேலிமுள்ளுக்குள் போய் விழும். கையில் குறையில்லை, காலில்தான். முன்கால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் இறங்கியது. சுண்ணாம்பில் கோடு போட்டு, "கண்ணு, பந்தை மறந்துரு. கால் இந்தக் கோட்டுல எறங்குதான்னு மட்டும் பாரு" என்றேன். பந்துக்குப் பதிலாகக் கையில் ஒரு துண்டைக் கொடுத்து வீசச் சொன்னேன். மற்ற பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். முதலில் இடுப்பு திரும்பி, பிறகு தோள் வந்து, அப்புறம்தான் கை வர வேண்டும். அது கூடிவந்ததும் வேகம் தானாக ஏறியது.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனி வேலை:

சார், நல்லா இருக்கீங்களா? அவன் எறிகிற பந்தைப் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்த கேட்சர் நான்தான். இடது உள்ளங்கை சிவந்துபோய் வீட்டுக்குப் போவேன்.

ஈரோட்டில் ஒரு மேட்சில் செமத்தியாக அடி வாங்கினோமே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எல்லாப் பந்தும் ஒரே வேகம். ஒரு சுற்று ஆடியதும் அவர்களுக்குக் கண் பழகிவிட்டது. அதற்கப்புறம் வளைந்து விழுகிற கர்வ் பால் சொல்லிக்கொடுங்கள் என்று நச்சரித்தான். சார் ஒத்துக்கொள்ளவே இல்லை, சேஞ்சப்தான் கொடுத்தார். பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் தள்ளிப் பிடித்து, அதே கைவீச்சில் விடுவது. பேட்டர் பேட்டைச் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேரும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவனுக்கு அது பிடிக்கவில்லை. அதைப் போடு என்று நான் சைகை காட்டினால் தலையை ஆட்டி மறுத்துவிடுவான். வேகமாக எறியாவிட்டால் பயந்துவிட்டான் என்று நினைப்பார்களாம்! அந்த நினைப்பு போக ஒரு சீசன் ஆனது.

கோவையிலிருந்து, பிசியோதெரபிஸ்ட்:

நான் பார்த்தது வேறு பையன், 14 வயசு. முழங்கையின் உட்பக்கம் வலி. பள்ளி அணியிலும் அவன்தான் பிட்சர், கிளப்பிலும் அவன்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எறிந்திருக்கிறான். "ஏனுங்க, எண்ணெய் தேச்சு உட்டா சரியாப் போயிருமுங்களா?" என்று அவன் அப்பா கேட்டார். ஆர்த்தோ டாக்டரைப் பார்க்க அனுப்பினேன். நல்லவேளை, ஓய்விலேயே சரியானது.

முழங்கையின் உட்பக்கத் தசைநார் கிழிந்தால் செய்கிற ஆபரேஷனுக்கு டாமி ஜான் என்ற பிட்சரின் பெயரே நிலைத்துவிட்டது. 1974இல் அவருக்குத்தான் முதலில் செய்தார்கள். அதன்பின் 1989 வரை ஆடினார். அதைக் காட்டி, கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வரும். அமெரிக்காவில் 13, 14 வயசுக்காரர்களுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து என்று வழிகாட்டி வைத்திருக்கிறார்கள். 66ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு. உங்கள் பையனுக்கு யாராவது எண்ணினார்களா, சார்?

கோபி வாத்தியார்:

எண்ணாமலா? ஸ்கோர் நோட்டில் தனிப் பக்கமே உண்டு. ஒரு மண்டலப் போட்டியில் கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, அவனுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. வெளியே எடுத்தேன், தோற்றோம். அவனுடைய அப்புச்சி மைதானத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நோட்டைக் காட்டினேன், அவர் சமாதானமாகவில்லை. இன்றுவரை கல்யாண வீட்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பையன் இப்போது கல்லூரி அணியில் எறிகிறான், வலி ஒன்றும் இல்லை.

திருப்பூர்:

சார், அந்தப் பழைய கேட்சர் கிளவுஸ் இன்னும் இருக்கிறதா? எங்கள் தெருவில் ஒரு பையன் நன்றாக எறிகிறான். வெறும் கையில் பிடிக்க முடியவில்லை.