நீர் புகாத பூட்ஸ் அணிந்தும் காலுறை நனைவது ஏன்?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். கனடாவின் வின்னிபெக் நகரில் இது எனக்கு முதல் குளிர்காலம். நீர் புகாத சவ்வும் தின்சுலேட் என்னும் மெல்லிய செயற்கை இழைகளாலான குளிர்காப்பு அடுக்கும் கொண்ட பூட்ஸைத்தான் அணிகிறேன். ஆனாலும் வேகமாக நடந்து பேருந்து நிறுத்தத்தை அடைந்து, சற்று நேரம் நின்றதும் கால்விரல்கள் மரத்துப்போகின்றன. மாலையில் கழற்றினால் பருத்திக் காலுறையின் நுனி ஈரமாக இருக்கிறது. பூட்ஸிலோ எங்கும் விரிசல் இல்லை. இரண்டு காலுறைகளை அணிந்தால் சரியாகுமா?

பதில் 1:
அந்த ஈரம் பெரும்பாலும் உங்கள் கால் வியர்வையாகத்தான் இருக்கும். பூட்ஸ் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. தின்சுலேட்டானாலும் கம்பளி இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட்டானாலும், இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. அந்த இடைவெளிகளில் நீர் சேர்ந்தால், அது காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், கால் விரைவில் குளிர்ந்துவிடும். சவ்வின் நுண்துளைகள் நீர்த்துளியைத் தடுத்து நீராவியை வெளியே விடும் என்பது உண்மையே. ஆயினும் மைனஸ் 30 டிகிரிக் குளிரில் அந்த ஆவியின் பெரும்பகுதி வெளியேறும் முன்பே குளிர்ந்து உள்ளடுக்குகளில் படிந்துவிடுகிறது.

1950 இறுதியில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் பட்ட துன்பமும் இதுவே. ரப்பர் அடிப்பாகமும் தோல் மேற்பாகமும் கொண்ட அவர்களது பூட்ஸில், நடக்கையில் சுரந்த வியர்வை நின்றதும் உறைந்து, பலரது கால்கள் பனிக்கடிக்கு உள்ளாயின. அதன்பின் வந்த இராணுவ பூட்ஸில் கம்பளியை இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே வைத்து முழுவதும் மூடிவிட்டார்கள். உள்ளே கால் வியர்த்தாலும், வெளியே நீரில் நின்றாலும், வெப்பம் காக்கும் கம்பளி நனையாது. அதை வடிவமைத்தவர்களின் தெளிவு இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

பதில் 2:
இரண்டு காலுறைகள் வேண்டாம். இறுக்கம் கூடினால் காற்றடுக்கும் நசுங்கும், விரல்களுக்கு இரத்த ஓட்டமும் குறையும். பருத்தியை விட்டுவிட்டு, தடித்த கம்பளிக் காலுறை ஒன்றை மட்டும் அணியுங்கள். உள்ளே விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். நிற்கும்போது உடல் எடையால் அமுங்கிய அடிப்பாகத்தின் வழியாகவும் சூடு தரைக்கு இறங்குவதால், பாதத்தின் கீழ் ஃபெல்ட் அட்டை ஒன்றை இடுவதும் உதவும், இடம் போதுமானால் மட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் பூட்ஸின் உள்ளுறையைத் தனியே கழற்ற முடியாது. அதை எப்படி உலர்த்துவது?

பதில் 2:
உள் அட்டையை உருவிவிட்டு, பூட்ஸின் வாயை அகலத் திறந்து, செய்தித்தாளைச் சுருட்டி நுனிவரை திணியுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். ஹீட்டரின் மேல் வைத்தால் பசை விட்டுவிடக்கூடும். காலைக்குள் உலராவிட்டால், இன்னொரு ஜோடியை வாங்கி நாள்விட்டு நாள் மாற்றி அணிவதே நல்லது.