எங்கட வீடு (குடும்பக் குழு): தம்பி வாங்கின வாள் மெசின்

சனி, காலை 9:14

பிரதீபன்: [படம்]

பிரதீபன்: வந்திட்டுது!! பாண்ட்சோ, ரெண்டு சில்லில வளையமா ஓடுற வாள். மொறட்டுவையில ஒரு பட்டறை மூடினவை, அங்க எடுத்தது. ஜப்பான் சாமான். கார் செட்டுக்கை வைச்சாச்சு

சுகந்தி அக்கா (ஸ்காபரோ): அப்ப காருக்கு என்ன கதி

பிரதீபன்: கேற்றடியில மழையில நிக்குது

அம்மா: நாலு பேர் தூக்கினவை. என்ர பூச்சாடி ரெண்டு உடைஞ்சது. அதை ஒருத்தரும் சொல்லேல்லை.

பெரியமாமா: தம்பி இன்னும் பிளக்கைக் குத்தேல்லைத்தானே

பிரதீபன்: இப்ப குத்தப்போறன் மாமா. 13 அம்பியர் பிளக் பூட்டித்தான் தந்தவை

பெரியமாமா: குத்தாத. மோட்டரில ஒரு தகடு இருக்கும், அதைப் படம் எடுத்துப் போடு.

பிரதீபன்: [படம்]

பெரியமாமா: 100 வோல்ட், 400 வாட். உன்ர சுவரில வாறது 230. பிளக்கை மாத்தினா வோல்ட் மாறுமோ? குத்தியிருந்தா மோட்டர் எரிஞ்சு மணத்திருக்கும். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் பெட்டி ஒண்டு வேணும். 500 வாட் பெட்டியைத் தலையில கட்டுவினம், வாங்காத. மோட்டர் எழும்பேக்க கனக்க இழுக்கும். 1500 எண்டா நிம்மதி. ஜப்பான் சாமானில எர்த் வயர் பச்சையாத் தனியத் தொங்கும். இருக்கோ பார்.

பிரதீபன்: அடியோட வெட்டியிருக்கு

பெரியமாமா: நினைச்சனான். எலக்ட்ரீசியன் வரட்டும், வீட்டு ட்ரிப் சுவிட்சையும் அமத்திப் பாக்கச் சொல்லு.

கீர்த்தி: அண்ணா மூஞ்சை தொங்கிப்போச்சு இங்க

பெரியமாமா: முதல் படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். பிளேட்டின்ர பல்லு எங்க பாக்குது?

பிரதீபன்: மேல

பெரியமாமா: பிளேட் மேசைக்குள்ள கீழ்நோக்கித்தான் ஓடும். பல்லும் கீழ பாக்கவேணும். அப்பதான் மரத்தை மேசையோட அமத்தி வெட்டும். யாரோ உள்பக்கம் வெளியாப் போட்டிருக்கினம். சட்டையைப் புரட்டிற மாதிரிப் புரட்டினாச் சரிவரும். ஆனா உந்தப் பழசை நம்பாத, புதிசு எடு. பல்லடியில மயிர்போல வெடிப்பு வரும், கண்ணுக்குத் தெரியாது. ஓடேக்க டிக் டிக் எண்டு ஒரே சீராக் கேட்டா உடனை நிப்பாட்டு. அறப்போகுது எண்டு அர்த்தம்.

பெரியமாமா: சில்லு ரெண்டிலயும் றப்பர் ஓடியிருக்கும். நகத்தால அமத்து. துள்ளித் திரும்பினா நல்லம். தூளாக் கொட்டினா மாத்து. பேந்து பிளக் இல்லாம மேல் சில்லைக் கையால பத்துச் சுத்துச் சுத்து. பிளேட் நடுவில நிக்காம முன்னுக்குப் பின்னுக்கு ஊர்ந்தா என்னைக் கூப்பிடு.

சுகந்தி அக்கா: மாமா நீங்கள் நேர போனா என்ன

பெரியமாமா: கோட்டைப் பக்கம் ஒரே தண்ணி எண்டு பஸ்காரன் சொல்லுறான். நாளைக்கு வாறன். சுவிட்ச் எந்த மாதிரி?

பிரதீபன்: லைட் சுவிட்ச் மாதிரி. மேல கீழ

பெரியமாமா: அதுதான் எனக்குப் பெரிய பயம். 2025 பெப்ரவரியில பாணந்துறை மின் நிலையத்தில ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்கக் கரண்ட் இல்லை, ஞாபகமோ? அண்டைக்கு நீ பலகை வெட்டிக்கொண்டு நிக்கிறாய் எண்டு வை. கரண்ட் போச்சு. சுவிட்சை மறந்திட்டுச் சிக்கின துண்டை எடுக்கக் கையை விடுறாய். கரண்ட் வருது.

அம்மா: ஐயோ

பெரியமாமா: கரண்ட் போனாத் தானா விழுந்திடிற சுவிட்ச் இருக்கு. நோ வோல்ட் எண்டு கேள். திருப்பி அமத்தினாத்தான் ஓடும். அதைப் பூட்டுமட்டும் வெட்டு இல்லை.

அம்மா: [படம்]

அம்மா: அண்ணை இவன் நிக்கிற கோலத்தைப் பாருங்கோ

பெரியமாமா: சாரத்தோடயோ!! களிசான் போடு. கண்ணாடி போடு, மாஸ்க் போடு.

அம்மா: கையுறையும் வாங்கி வைச்சிருக்கிறன்

பெரியமாமா: அது வேண்டாம் தங்கச்சி. நூல் ஒண்டு பல்லில மாட்டினாக் கையையும் சேத்து இழுக்கும். வெறுங்கைதான். கடைசி அஞ்சாறு இஞ்சிக்குக் கையே வேண்டாம், ஒரு தடியால தள்ளு. பிளேட்டின்ர மறைப்பை மரத்துக்கு மேல கால் இஞ்சி மட்டுக்கு இறக்கு. ஓஃப் பண்ணினாப் பிறகும் சத்தமில்லாமச் சுத்திக்கொண்டு நிக்கும், நிண்டாப் பிறகு கை வை.

பிரதீபன்: சரி மாமா

அம்மா: எல்லாம் முடிய என்ர உலக்கையில ஒரு சாண் குறைச்சுத் தா. குசினித் தட்டில முட்டுது.

பிரதீபன்: ரெண்டு நிமிச வேலை அம்மா

பெரியமாமா: இல்லை.

பெரியமாமா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

பெரியமாமா: உலக்கை உருண்டை. பலகை எண்டா மேசை முழுக்கத் தாங்கும். உருண்டை ஒரு கோட்டிலதான் நிக்கும். பல்லுப் பட்டவுடனை உருளும், பிடிச்ச கையையும் கொண்டு போகும். மரக்காலையில நான் வேலைக்குச் சேந்து மூண்டாம் மாசம். தும்புத்தடிக்கு ஒரேயொரு பிடி வெட்டினன். இடக்கைச் சுட்டுவிரல்.

கீர்த்தி: மாமா அது மன்னாரில நண்டு கடிச்சது எண்டெல்லோ சொன்னனீங்கள்

பிரதீபன்: எனக்கும் நண்டுதான்

மாமி: எனக்குக் கலியாணத்துக்கு முதல் சீனவெடி எண்டவர்

கீர்த்தி: ஆண்டு 6ல அந்த நண்டை எழுதித் தமிழ்த்தினப் போட்டியில ரெண்டாம் இடம் எடுத்தனான் 😭

பெரியமாமா: சேர்டிபிக்கட்டைத் திருப்பிக் குடுக்காத.

பெரியமாமா: தம்பி, மேசையை 45 பாகை சரிச்சு ஒரு கட்டையில V மாதிரிக் கிடங்கு வெட்டிறது எப்பிடி எண்டு நாளைக்குக் காட்டுறன். அதுக்குள்ள படுத்தி, இறுக்கிக் கட்டி, உருண்டையை வெட்டலாம். முதல் மாசம் அதுவும் வேண்டாம். உலக்கையைக் கைவாளால அறுத்துக் குடு.

அம்மா: கைவாள் எங்க கிடக்கு பிரதீபன்

அம்மா: பிரதீபன்

பிரதீபன்: வித்திட்டன் அம்மா. மெசினுக்குக் காசு காணேல்லை